ரங்கூன் பட்டுக் கைலி

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு அடுத்த வருஷம் அது. மாதம் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பர்மாவிலிருந்து கப்பலில் வந்து தாம்பரத்தில் குடிசை போட்டிருந்தோம். பிழைக்க வந்தவர்கள் மின்சார ரயிலில் தினமும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தெருவுக்குக் குழாய் வருமுன்னே சர்ச்சு வந்துவிடும். சேலையூரில் எங்களுக்கும் ஒன்று, ஓடு போட்டது. ஓடு அப்போது நல்ல ஓடு. அது கிடக்கட்டும்.

அன்றைக்குக் கைக்குழந்தைத் தங்கச்சிக்கு ஞானஸ்நானம். கப்பலில் பிடித்த இருமல் அவளை விடவேயில்லை. ஐயர், அதாவது பாதிரியார், மாதம் ஒரு ஞாயிறுதான் வருவார். அடுத்த மாதம்வரை பிள்ளை தாங்காது என்று அம்மாவுக்குப் பயம். அப்பா பெட்டியின் அடியிலிருந்து ரங்கூன் பட்டுக் கைலியை எடுத்துக் கட்டினார். பர்மாவில் கல்யாணத்துக்கும் சர்ச்சுக்கும் அதுதான் மரியாதை.

சர்ச்சு வாசலில் சபைப் பெரியவர் ஒருவர் மறித்தார்.

"என்ன சார், கைலியோட வர்றீங்க? அடுத்த மாசம் வேட்டி கட்டிக்கிட்டு வாங்க."

"பட்டுங்க" என்றார் அப்பா.

"பட்டுன்னா? கைலி கைலிதான்."

அம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மணியடித்து முடித்த கோயில்பிள்ளை வந்தார். சர்ச்சைப் பெருக்கி, விளக்கேற்றுகிறவர். "இன்னாத்துக்கும்மா அழுவுற? வா நைனா" என்று அப்பாவைப் பின்னாலிருந்த தன் அறைக்குக் கூட்டிப்போனார். அப்பா வெள்ளை வேட்டியில் திரும்பினார். கோயில்பிள்ளை இடுப்பில் எங்கள் பட்டு!

எல்லாரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. பட்டுக்குக் காவலாக வாசற்படியில் உட்கார்ந்தேன். கோயில்பிள்ளையும் வெளியே ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"உள்ள போடா, தங்கச்சிக்குப் பேர் வெக்கறாங்க."

"நீங்க பட்டோட ஓடிட்டா?"

"இத்தக் கட்டிக்கினு ஓடுனா தடுக்கி வுழுவேன்டா!"

"அப்ப நீங்க ஏன் உள்ள போகல?"

"மணி அடிக்கணுமில்ல" என்றார்.

உள்ளே தங்கச்சி வீரிட்டு அழுதாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஆராதனை முடிந்து பட்டு கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

மணி முன்பே அடித்தாகிவிட்டது என்பதோ, அவரிடம் இருந்ததே அந்த ஒரு வேட்டிதான் என்பதோ எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. தங்கச்சிக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். சேலையூர்ப் பக்கம் அவர் பிள்ளைகள் யாரையாவது பார்த்தால் சொல்லுங்கள்: அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது, காவலிருந்தவன் வெட்கப்படுகிறான்.