காலுக்கு ஒரு வேண்டுதல்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. சுற்றி வளைத்துச் சொல்லும் வயதைத் தாண்டிவிட்டேன்.

என் கணவர் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். நீண்டகாலச் சர்க்கரை. இடது பாதத்தில் வந்த சின்னப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. தொடையில் ஓடும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, திறக்காவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றார்கள். பலூன் விட்டுத் திறந்தார்கள். பலூன் விரியும்போது குழாயின் உட்சுவர் காயப்படுமாம். காயம் ஆறுகிற சாக்கில் சதை வளர்ந்து மறுபடியும் குழாயைக் குறுக்கிவிடுமாம். அதனால் மருந்து பூசிய பலூன். கொஞ்ச நேரம் சுவரோடு அழுத்திப் பிடித்து, மருந்தை அங்கேயே ஒட்டிவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும் அந்தப் பலூனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

புண் ஆறியது. பாதத்தில் உணர்ச்சி இல்லை, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று தாதி படித்துப் படித்துச் சொன்னார்.

அடுத்த வாரமே கிளமெண்டியிலிருந்து நாத்தனார் வந்து நின்றார். "தம்பி கால் பிழைச்சா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பான்னு வேண்டியிருக்கேன்."

"வேண்டினது நீங்கதானே அண்ணி, நீங்களே எடுங்க."

"அவன் பேர்ல வேண்டினது லா. மாத்த முடியாது."

"அப்ப ஷூ போட்டுக்கிட்டு எடுக்கட்டும்."

"ஷூ போட்டுக்கிட்டுப் பால்குடமா? நல்லா இருக்கு."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முன்னால் மட்டும் இவர் வாயில் கொழுக்கட்டை.

தைப்பூசத்தன்று இவர் பால்குடத்தோடு சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடந்தார். வெயில் ஏறித் தார் கொதித்தது. நாத்தனார், மூட்டுவலி என்று தடித்த ஷூ மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.

"வலிக்குதா தம்பி?"

"இல்லக்கா."

உண்மைதான். அந்தப் பாதத்துக்கு எங்கே வலிக்கத் தெரியும்? முருகன் துணை என்று நாத்தனார் பூரித்துப்போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் பாதத்தைக் கழுவினேன். கட்டைவிரலுக்குக் கீழே தோல் கொப்பளித்து உரிந்து கிடந்தது. சில நாளில் சீழ் பிடித்தது. மருத்துவர் ஸ்கேன் பார்த்து, ரத்தக்குழாய் அருமையாகத் திறந்திருக்கிறது, பலூனில் வைத்த மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார். அதே மூச்சில், கிருமி எலும்பு வரை போய்விட்டதால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்றார்.

எடுத்தார்கள். மறுநாள் நாத்தனார் திருநீற்றோடு வார்டுக்கு வந்தார். "ரெண்டு விரலோட போச்சே. முருகன்தான் காலக் காப்பாத்தினான். அடுத்த வருஷமும்…"

"வாய மூடுங்க அண்ணி."

பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. நாத்தனார் அழுதுகொண்டே வெளியே போனார்.

கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு இவர் என்னிடம் கேட்டார், "அக்காவுக்கு டாக்ஸி புடிச்சுக் குடுத்தியா?"

இத்தனை வருடமும் தப்பான ஆளோடு சண்டை போட்டிருக்கிறேன்.