கும்பிடுபூச்சிக்கு நான் எழுதிய இரண்டு சீட்டுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். ராஜகீழ்ப்பாக்கம் வயல்களில் பிடித்த கும்பிடுபூச்சிகளை இனம் பிரித்து, ஊசியில் குத்தி, சீட்டு எழுதி வைத்திருந்தேன். நீண்ட இறக்கையோடு ஒல்லியாக இருந்தது ஓர் இனம். குட்டை இறக்கையோடு வயிறு பெருத்திருந்தது இன்னொன்று. அதை யாரும் பெயரிடாத புது இனம் என்றே நம்பினேன். கட்டுரையும் பாதி எழுதியாகிவிட்டது.

ஒருநாள் காலை குண்டுப் பூச்சிகள் ஒல்லிகளின் பெட்டியில் இருந்தன. பிரித்து வைத்தேன். மறுநாளும் அப்படியே. என் கட்டுரையைக் கெடுக்க ஆய்வக உதவியாளர் தேவராஜை யாரோ ஏவியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். சாயங்காலம் மாணவர்கள் முன்னாலேயே அவர் பையைத் திறக்கச் சொன்னேன்.

சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே குண்டுப் பூச்சியின் முதுகில் ஒல்லிப் பூச்சி ஏறியிருந்தது.

"ஆணும் பொண்ணும் சார். ஒரே முட்டைக் கூட்டுல பொரிஞ்சதுங்க, வூட்ல வளத்தேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"ரெண்டு தபா சொன்னேன் சார். நீங்க எழுதிகினே இருந்தீங்க. அதான் பொட்டில ஒண்ணா வச்சிப் பாத்தேன்."

அன்று மாலையே சீட்டுகளைத் திருத்தினேன். கட்டுரையைக் கிழித்தேன்.

மறுநாளிலிருந்து தேவராஜ் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், நான் கேட்காமலே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.