பெருமாள் முன் வைத்த புளிப்புச் சேபு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். மாமனார் இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்றிருந்தேன். அவர் போன பிறகும் பேனா ஓடவில்லை. இப்போது ஊரார் என் கதையை என்னிடமே மாற்றிச் சொல்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

மகாராஜா காலத்து மைசூர். எங்கள் வீட்டில் பெருமாளுக்குக் காட்டாத எதையும் யாரும் வாயில் வைப்பதில்லை. சீமைப் பண்டம் எதையும் பெருமாளுக்குக் காட்டுவதுமில்லை. ஆகவே ஆப்பிளுக்கு, சேபு என்போம், எங்கள் வீட்டில் வழியே கிடையாது.

என் மகளுக்கு விஷ ஜுரம் வந்து தணிந்த சமயம். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வயிற்றில் ஏதாவது தங்கினால்தான் பிழைப்பாள், சேபை வேகவைத்து மசித்துக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

தேவராஜ மார்க்கெட்டில் இரண்டு வகை இருந்தது. காஷ்மீரத்துச் சிவப்பு, வைக்கோல் பரப்பிய பெட்டியில் ரயிலேறி வந்தது, எடுத்தாலே மணக்கும். மற்றது பெங்களூர்த் தோட்டங்களில் துரைமார் கொண்டுவந்து நட்ட மரத்துப் பழம். கடித்தால் பல் கூசும், அடுப்பில் வைத்தால் குழைந்துவிடும் என்றார் கடைக்காரர். அதையே வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் நல்லவர், சண்டைக்குப் பயந்தவர். கொல்லைப்பக்கம் வைத்து ஊட்டிவிடு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றார். பெருமாளுக்குக் காட்டாததை என் குழந்தைக்குத் திருட்டுத்தனமாக ஊட்டமாட்டேன் என்றேன்.

மறுநாள் குளித்து, மடிப்புடவை உடுத்தி, கற்கண்டு சேர்த்து வேகவைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் துளசியோடு பூஜையறைக்குக் கொண்டுபோனேன். மணியடித்துக்கொண்டிருந்த மாமனாரின் கை நின்றது.

"துரைகள் திங்கற பழத்தையா இங்கே கொண்டு வரே? அது பொறந்த மண்ணு எதுன்னு தெரியுமோ உனக்கு?"

குரல் நடுங்கியது, கால் மட்டும் நகரவில்லை. "தெரியாது மாமா. பெருமாள் மூணடியில உலகத்தை அளந்தப்போ, அந்த மண்ணை மட்டும் விட்டுட்டா அளந்தார்?"

மணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நானே கிண்ணத்தை வைத்துச் சேவித்தேன். எடுத்து வந்து ஊட்டினேன். குழந்தை முகம் சுளித்தாள், ஆனால் விழுங்கினாள். மாமனார் அன்று வீட்டில் தீர்த்தம்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

செய்தி தெருவெல்லாம் பரவியது. கிணற்றடியில் ஒரு மாமி, "உங்காத்துப் பெருமாள் இப்பல்லாம் டீயும் சாப்பிடறாராமே?" என்றாள்.

"டாக்டர் கொழந்தைக்கு டீ எழுதிக் குடுத்தா அதையும் வைப்பேன் மாமி" என்றேன்.

மகள் எழுந்து நடமாடினாள். பழத்தாலா மருந்தாலா, எனக்குத் தெரியாது, பெருமாளுக்குத் தெரியும். இன்று அதே தெருவில் நவராத்திரித் தட்டில் சேபைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே அடுக்குகிறார்கள்.

நான் ஒளித்துவைத்து ஊட்டினேன் என்கிறார்கள் சிலர். பெருமாளே கனவில் வந்து பழம் கேட்டார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய். கனவு வரவில்லை. நான் யாரிடமும் உத்தரவு கேட்கவுமில்லை. பட்டப்பகலில் பெருமாள் முன் வைத்துத்தான் கொடுத்தேன். படிக்கிறவர்கள் பிறருக்குச் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். என் நடுக்கத்தை மறைக்க வேண்டாம்; என் பக்தியைக் குறைக்கவும் வேண்டாம்.