செல்லியம்மா மஞ்ச நோட்டீஸ் குடுத்த கதை

"அன்னிக்கே செத்துத் தொலைஞ்சிருந்தா குழி தோண்ற கூலியோட போயிருக்கும்."

புதூர்நாட்டு செல்லியம்மா தெனமும் காலைல புருஷன் ரங்கனைப் பொரட்டிப் போட்டு முதுகுப் புண்ணைத் தொடைக்கும்போது சொல்றது இது. மெதுவாவும் சொல்ல மாட்டா. அந்தாளும் சும்மா கெடக்க மாட்டான். "அடுத்த தபா இன்னும் ஒசரமா ஏறி வுழறேன்டி, போ"ன்னுவான்.

புளி உலுக்க ஏறினவன், கெளை முறிஞ்சு வுழுந்து முதுகெலும்பு போச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்குக் காத்திருக்கணும்னாங்க. இவ பொறுக்காம தனியாருக்குத் தூக்கிட்டு ஓடினா. உசுரு நின்னுது. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் வரல, பில்லுதான் வந்துது.

நெலத்தை வித்தா. மகளிர் குழு லோனு, பைனான்சு, புளி மண்டி சிங்காரத்துகிட்ட வட்டிக்குன்னு கண்ட எடத்துல கை நீட்டினா. அதுவும் பத்தாதப்ப தங்கச்சி ஈஸ்வரி கழுத்துச் செயினைக் கழட்டிக் குடுத்தா. அது அடகுல முழுகிப் போச்சு. ஈஸ்வரி ஒரு வார்த்தை கேக்கல. அவ புருஷன் ஜீப் ஓட்ற அசோக்குமாரு கேட்டான். ஈஸ்வரியத் தெனமும் கேட்டான், வாயாலயும் கேட்டான், கையாலயும் கேட்டான்.

இங்க பைனான்சுக்காரன் வாசல்ல குந்திக்கினு, "உன் வூட்டுக்காரனை எடைக்குப் போட்டா எவ்ளோ தேறும்?"னு சிரிச்சான். மறுநாளே செல்லியம்மா ஜீப்பேறி, திருப்பத்தூர்ல ரேணுகாதேவின்னு ஒரு வக்கீலம்மாவைப் பாத்தா.

"என்னால கட்ட முடியாதுன்னு கோர்ட்ல ஐ.பி. போடலாம். மஞ்ச நோட்டீஸ்ன்றாங்களே, அதான். கோர்ட்டு ஏத்துக்கிச்சுன்னா எவனும் வாசல்ல வந்து கத்த முடியாது. ஆனா கடன் குடுத்தவங்க எல்லார் பேரும் வரணும், இருக்கற சொத்து பூரா வரணும். மறைக்காத."

"எல்லாருக்கும் நோட்டீஸ் போவுமா மேடம்?"

"போவாம?"

திரும்பற ஜீப்புல செல்லியம்மா கணக்குப் போட்டுக்கினே வந்தா. கூடப்பொறந்தவளுக்குக் கோர்ட்டு நோட்டீஸா? உன் செயினுக்குப் பட்டை நாமம்னு தபால்ல சொல்லி அனுப்பறதா? மனுவும் போடணும், தங்கச்சியும் வேணும். வீடு வந்து சேர்றதுக்குள்ள ஒரு ரோசனை பண்ணிட்டா.

மலை மேல நெலம் ஒருத்தன்து, மரம் இன்னொருத்தன்தா இருக்கும். மரம் கைமாற பத்திரம் கித்திரம் வேணாம். ஊர்க்கவுண்டர் முன்னாடி வெத்தல பாக்கு மாத்திக்கிட்டா முடிஞ்சுது. நெலம் போயும் ரெண்டு புளியமரம் இவளுக்குன்னு நின்னுது. ஈஸ்வரியக் கூப்ட்டு வெத்தலையக் குடுத்துட்டா. செயினுக்கு மரம் சரியாப் போச்சு, தங்கச்சிக்குத் தரவேண்டியதும் இல்ல, மரமும் நம்மது இல்ல, ரெண்டுமே மனுவுல வராதுன்னு அன்னிக்கு சோறு நல்லாவே துன்னா.

சிங்காரம் காதுக்குப் போவாம இருக்குமா? வாசல்லயே வந்து நின்னாரு. "இன்னாம்மா, காசில்லன்னு கோர்ட்டுக்குப் போறவ தங்கச்சிக்கு ரெண்டு மரம் சீர் செய்யறியா? வர்றேன், ஜட்ஜ் முன்னாடியே சொல்றேன்."

வக்கீலம்மா கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிச்சு. "மனு போடற நேரத்துல ஒருத்தருக்கு மட்டும் தூக்கிக் குடுத்தா மோசடின்னுவாங்கம்மா. மனுவையே தள்ளிடுவாங்க. மரத்தைத் திருப்பி வாங்கு. தங்கச்சி பேரையும் எழுது."

"வெத்தல மாத்தினதத் திருப்பிக் கேட்டா, நீ எனக்குச் செத்துட்டேன்னு அவகிட்ட சொல்ற மாதிரி மேடம்."

"அப்ப பைனான்சுக்காரனுக்கு டீ போட்டுக் குடுத்துக்கினு இரு."

தங்கச்சி வூட்டுக்குப் போற வழியிலேயே, மரம் நின்ன எடத்துல வானம் தெரிஞ்சுது. ரெண்டையும் அடியோட அறுத்துத் தள்ளியிருந்தான் அசோக்குமாரு.

"இன்னாக்கா, வெறகு பொறுக்க வந்தியா?"

"மாப்ள, மரம்..."

"வருசா வருசம் புளி பொறுக்கி நான் எப்போ செயின் பாக்கறது? வித்தாச்சு, ஜீப்புக்கு டயர் மாத்தியாச்சு."

பின்னால வந்து நின்ன ஈஸ்வரிக்குத் தாடை வீங்கியிருந்துது. செல்லியம்மா விசயத்தைச் சொன்னா. மரத்தைக் குடுத்ததையும் சொல்லணும், இவ பேரையும் எழுதணும், நோட்டீஸ் இந்த வூட்டுக்கே வரும்.

"எழுதாதக்கா," அவ புருஷன் அந்தப் பக்கம் போனதும் ஈஸ்வரி அக்கா கையைப் புடிச்சுக்கிட்டா. "கோர்ட்டு காயிதம் வந்தா இந்தாளு என்னைக் கொன்னுடுவான்."

செல்லியம்மா கையை உருவிக்கினு திரும்பி வந்தா. வேற வழி இல்லாம இல்ல. பேரை எழுதாம வுட்டு, மனு தள்ளுபடியாவி, வூட்டைக் கடன்காரன் எவனாச்சும் எடுத்துக்க, ரங்கனைப் புண்ணோட ரோட்ல போட்டிருக்கலாம். எழுதினா. கையெழுத்தும் போட்டா. எப்படி மனசு வந்துச்சுன்னு கேட்டா, "வராம?"னு நம்மளையே வையறா.

நோட்டீஸ் போன அன்னிக்கு அசோக்குமாரு அடிச்ச அடியில ஈஸ்வரிக்குக் கை முறிஞ்சுது. மாவுக்கட்டோட பஸ் ஏறினவ அக்கா வூட்டுக்கு வரல. திருப்பூர் பக்கம் ஏதோ பனியன் கம்பெனின்றாங்க. இவ போன் பண்ணா எடுக்கறதில்ல.

மனு கோர்ட்ல இருக்குது, வாய்தா மேல வாய்தா. பைனான்சுக்காரன் வர்றதில்ல. வெத்தல மாத்தினதைக் கோர்ட்டுக்கு இழுத்தவளாம்னு ஊர்க்காரங்களும் வர்றதில்ல.

புதூர்நாட்டுப் பக்கம் போறவங்க அவளை ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. கத்துவா, பொறுத்துக்குங்க. மெத்துன்னு பழைய வேட்டி இருந்தா எடுத்துட்டுப் போங்க, புண்ணு தொடைக்க ஆவும். கடன் மட்டும் குடுத்துத் தொலைக்காதீங்க. திருப்பூர்ல கை கோணலா ஒட்டின ஈஸ்வரின்னு யாரையாச்சும் பாத்திருந்தீங்கன்னா, அதை செல்லியம்மாகிட்ட சொல்லாம வந்துடாதீங்க.