நேற்று நான் பட்டணம் போனேன்

இங்கிலீஷ் இறந்தகாலம் சொல்லிக்கொடுப்பதில் ஒரு தொல்லை உண்டு: நடந்ததற்கும் நடக்காததற்கும் வாத்தியார் ஒரே சிவப்பு மையில்தான் 'சரி' போட வேண்டும். இந்த வேலையில் அகப்பட்டுக்கொண்ட உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். கடைசியில் வரப்போகும் சங்கதியைப் பல வருஷமாக நானே சந்தேகித்து வந்தேன். சந்தேகிப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் கொல்லிமலைக் காட்டுக்குப் புதுத் துரை ஒருவர் வந்தார். காட்டைக் காவல் காக்கும் கார்டுகள் அன்றாடம் எழுதும் டயரி இனி இங்கிலீஷில் இருக்க வேண்டும், சித்திரையில் பரீட்சை, தேறாதவனுக்கு வேலை இல்லை என்றார். எழுத்துக் கூட்டத் தெரிந்த மூன்று கார்டுகளுக்குப் பாடம் சொல்ல என்னை அமர்த்தினார்கள். வாரம் இரண்டு நாள் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுவேன். மூன்று பேரையும் தேற்றாமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

முதல் பாடம்

'நேற்று நான் பட்டணம் போனேன்' என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். அடிவாரத்துக்காரரான ரங்கன் உடனே எழுதினார். சமுத்திரம் பார்த்ததாகவும் தொப்பி வாங்கியதாகவும் சொந்தமாக இரண்டு வரி சேர்த்தார். ஆண்டியும் எழுதினார். மலைமேல் திண்ணனூர் நாட்டுச் சடையன் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, நேத்து நான் ஓடைப் பக்கமல்லங்க சுத்திக்கிட்டிருந்தேன்?"

"பழகறதுக்குத்தான் சடையா. சும்மா எழுது."

"பட்டணம் போறதுக்கு உன்ற கிட்ட டிக்கெட்டா கேக்குறாங்க? எழுதித் தொலையப்பா" என்றார் ரங்கன்.

சடையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "போகாத ஊருக்குப் போனேன்னு நானே கையெழுத்துப் போட்டாப்பல ஆயிருமுங்க. போன எடத்தை எழுதறேன், நீங்க திருத்துங்க."

எத்தனை நாளுக்கு முன்னால்

'இரண்டு நாளைக்கு முன்னால்', 'போன வாரம்' என்பதையெல்லாம் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தால் புரியும் என்று நினைத்தேன். பன்றி கிளறிய மண்ணைக் காட்டி, இது எப்போது நடந்தது என்று கேட்டேன். ஆண்டி குனிந்து ஒரு வேரைக் கிள்ளிப் பார்த்தார். "ஒரு பனிதான் விழுந்திருக்குதுங்க. நேத்து விடியறதுக்கு முன்னால" என்றார். நான் அசந்துபோனேன்.

அந்த உற்சாகத்தில், "உனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆண்டி?" என்றேன். சாமை அறுத்த பிறகு, பலா பிஞ்சு விடுவதற்கு முன்னால் என்றார். அது மாதம், வருஷம் எது என்றேன். நான் விடவில்லை. அங்கேயே அரைமணி நேரம் இருவரும் மல்லுக்கட்டினோம். கடைசியில் ஆண்டி கும்பிடு போட்டார்: "பன்னி வந்த நாளு எனக்கு வேணுமுங்க. கண்ணாலமான வருசம் எம் பொண்டாட்டிக்குத்தான் வேணும், அவளைக் கேட்டுக்கங்க."

துரை கேட்டார்

மாசியில் துரையே ஒருநாள் வகுப்புக்கு வந்தார். கார்டுகளுக்கு மேலதிகாரியான பாரஸ்டரும் கூட வந்திருந்தார். நேற்று என்ன செய்தாய் என்று துரை ஒவ்வொருவராகக் கேட்டார். ரங்கன் பத்து மைல் நடந்து சிறுத்தையைப் பார்த்ததாகச் சொன்னார். சடையன் எழுந்து, விறைப்பாக நின்று, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்: "எஸ்டர்டே ஐ ஸ்லெப்ட், சார்."

முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல். துரை விழுந்து விழுந்து சிரித்தார். பாரஸ்டர் சிரிக்கவில்லை. துரையின் குதிரை மறைந்ததும் சடையன் பக்கம் திரும்பினார்: "உண்மையைச் சொல்றதுக்கு எதுக்குடா இங்கிலீஷ்? அதுக்குத் தமிழே போதுமே!"

மூன்று சரி

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இந்தப் பிடிவாதத்தால் சடையனுக்கு வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "அடுத்த வாரம் நடக்காத ஒன்றை எழுதிக்கொண்டு வா. இல்லாவிட்டால் உனக்குப் பாடம் கிடையாது" என்றேன். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "பாக்கறேனுங்க" என்றார்.

அந்த வாரம் திருப்புலி நாட்டுப் பக்கம் காடு எரிந்தது. விதைப்புக்கு நிலம் திருத்த அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர் தீ வைத்ததாகப் பாரஸ்டர் எழுதிக்கொடுத்தார். மூவரையும் கீழே கொண்டுபோய் அடைத்தார்கள். நான் ஏறிப் போனபோது சடையன் நோட்டை நீட்டினார். இங்கிலீஷில் மூன்று வரி. 'போன திங்கட்கிழமை பாரஸ்டர் சருகை எரித்தார். காற்று வந்தது. நாங்கள் ஓடினோம்.'

பிழையே இல்லை. சரி, சரி, சரி என்று மூன்று குறி போட்டேன். மூன்றாவதைப் போட்ட பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது. நான் கேட்டபடி கற்பனையாக எழுதினாரா? இல்லை, வழக்கம்போல நடந்ததைத்தான் எழுதினாரா? அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வந்த துரை, கார்டுகளின் நோட்டுகளையும் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நிறுத்தி, இது என்ன என்று என்னைக் கேட்டார். பாரஸ்டர் என் தோளருகே நின்றார். சடையன் வாசலில் நின்று என்னையே பார்த்தார். "பயிற்சி வாக்கியம். நடக்காததை எழுதி வரும்படி நான்தான் சொல்லியிருந்தேன்" என்றேன். சொல்லியிருந்தது நிஜம்தானே? துரை நோட்டை மூடினார். சடையனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சடையனும் வாய் திறக்கவில்லை. பிடிபட்ட ஊர்க்காரர்கள் மூன்று பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். மறுநாள் சடையன் பெல்ட்டையும் அதிலிருந்த பித்தளை வில்லையையும் ஒப்படைத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார்.

அன்று விசாரணை முடிந்து நான் வெளியே வந்ததும் பாரஸ்டர் என் முதுகில் தட்டினார்: "வாத்தியார்னா இப்படி இருக்கணும்!"

மறுபடி ஏறியது

பொய் எழுதப் பழகு என்று நான்தானே நெருக்கினேன், அவரும் பழகியிருப்பார் என்று இருபது வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பட்டணம் போனேன் என்று எழுத மறுத்த கை, முதல் பொய்யாகப் போயும் போயும் தன் மேலதிகாரி மேல் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமா? இந்த வருஷம் முட்டிவலி வந்தது. இதற்குமேல் தள்ளினால் ஏறவே முடியாது என்று ஒருநாள் காலையில் கிளம்பிவிட்டேன்.

சடையன் ஏணியில் நின்று மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். "வாங்க வாத்தியாரே. முட்டியைப் புடிச்சுக்கிட்டே ஏறி வந்தீங்களாட்ட இருக்குது?" என்று பலாச்சுளையை இலையில் வைத்துத் தந்தார். ரங்கன் இப்போது பாரஸ்டர் ஆகிவிட்டதாகச் சொன்னார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். சுளை முழுவதும் இலையிலேயே இருந்தது. ஊராருக்கெல்லாம் இறந்தகாலம் சொல்லிக்கொடுத்தவன், என்னுடையதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க இருபது வருஷம் எடுத்துக்கொண்டேன்:

"சடையரே, அன்னைக்கு நீங்க எழுதினது பொய்யா, நான் சொன்னது பொய்யா?"