என் வாயைத் திறந்துவிட்ட மாதா

என்னைவிட முட்டாள் இந்தக் கடற்கரையில் உண்டா, தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக உப்பளத்தில் உழைக்கிறவன், வாரி எடுக்கத் தயாராக இருந்த ஒரு பாத்தி உப்பைத் தண்ணீரில் கரைய விட்டு வேடிக்கை பார்த்தேன். சிரியுங்கள் சகோதரர்களே. மரக்காணமே சிரித்து முடித்துவிட்டது.

காரணம் கோபம். என் மனைவியின் தம்பி அந்தோணி மேல் கோபம்.

நானும் அவனும் ஒரே உப்பளத்தில் ஜோடியாக வேலை செய்கிறவர்கள். போன தவக்காலம் தொடங்கும்போது கோவிலில் ‘வாழ்க்கைத் திட்டம்’ என்று ஒரு வகுப்பு நடந்தது. ஐந்து வருடத்தில் என்னவாக ஆகப்போகிறாய், அதற்கு யார் துணை என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் கேள்விக்கு ‘மேஸ்திரி’ என்று எழுதினேன். அடுத்ததற்கு ‘யாரும் வேண்டாம்’ என்று எழுதிக் கீழே கோடு வேறு போட்டேன்.

அடுத்த வாரமே முதலாளி அந்தோணியை மேஸ்திரி ஆக்கினார். எனக்குப் பத்து வருடம் கழித்து வந்தவனை! ரத்தம் கொதித்தது. அவனோடு பேச்சை நிறுத்தினேன். தவக்காலத்துக்காகக் கறியை விட்டேன், பீடியை விட்டேன். கோபத்தை மட்டும் விடவில்லை.

பாத்திக்குத் தண்ணீர் விடும்போது ஒருவர் மடையில் இருப்பார். இன்னொருவர் பாத்தியில் நின்று ‘போதும்’ என்று குரல் கொடுப்பார். ஒரு புதன்கிழமை மடையில் அவன், பாத்தியில் நான். பக்கத்துப் பாத்திக்குப் போகவேண்டிய தண்ணீர் வரப்பைத் தாண்டி விளைந்த உப்பின் மேல் ஏறியது. பார்த்தேன். ஒரு வார்த்தைதான். சொல்லவில்லை. மேஸ்திரிதானே, அவனே பார்க்கட்டும் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். அவன் திரும்பியபோது பாத்தி முழுவதும் தண்ணீர்.

முதலாளி வந்தார். “மாமன் மச்சான் சண்டைய உப்புலயா காட்றது? திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நடந்தத சொல்லுங்க. தனித்தனியா வந்தா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல.”

வியாழன், வெள்ளி, வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் கோவிலுக்குப் போனேன். யாரும் இல்லை என்று நினைத்து மாதாவைப் பார்த்துக் கத்தினேன். “அவன் இன்னா பெரிய இவனா? அவன் மூஞ்சப் பாத்தாலே எரியுது. என்னால பேச முடியல. பேசலன்னா சோறு இல்ல. நீயே எதாவது பண்ணு தாயே!”

“மாமா.”

தூணுக்குப் பின்னால் அந்தோணி.

“நீ இன்னாடா பண்ற இங்க?”

“மாமன் வாயத் தொறக்கணும்னு வேண்டிக்கினு இருந்தேன். இவ்ளோ சத்தமா தொறக்கும்னு நெனைக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் கோபம் வந்தது. “உனக்கு ஏன்டா குடுத்தாங்க?” என்று கேட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த கேள்வி.

“நீ வாயத் தொறந்தா யாரையாவது கிண்டல்தான் மாமா. நம்மகூட உப்பு வாரின ஜெயாக்கா, நீ பேசின பேச்சுல அழுதுக்கினு வேற அளத்துக்குப் போச்சு. நாலு பேரு நின்னு வேலை செஞ்சாதான அளம் ஓடும்?”

ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. விடவில்லை. உண்மையை எப்படி அறைவது? மேஸ்திரி வேலைக்குத் திட்டம் போட்டவன், கூட நிற்கிற மனுஷரைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரே வண்டியில் போனோம். பார்த்தும் வாய் திறக்காதவன் நான்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். வேலை நிலைத்தது. இன்றைக்கும் அவன்தான் மேஸ்திரி. எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தான். ஜெயா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வாயைத் திறக்கும் முன் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்கிறேன். கோபம் இன்னும் வருகிறது. வந்தால் பேசிவிடுகிறேன்.

மாதாவுக்கு நன்றி. நான் கேட்ட விதத்துக்கு வேறு யாராவது என்றால் வெளியே தள்ளியிருப்பார்கள். உங்களுக்கும் வேலை மேல், சொந்தத்தின் மேல், ஆண்டவர் மேலேயே கோபமா? கோபத்தோடேயே போங்கள். நல்ல பிள்ளை வேஷம் வேண்டாம். அவர் தாங்குவார்.

போன மாதம் பக்கத்து ஊர் அனுமந்தையில் நடந்த ஜெபக்கூட்டத்தில் இதையெல்லாம் மைக்கில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி சொன்னாள்:

“ஜெயாகிட்ட மன்னிப்பு கேட்ட, மைக்ல ஊருக்கே சொன்ன. என் தம்பிகிட்ட இன்னும் ஒரு வார்த்தை கேக்கலையேய்யா நீ?”