கந்தசட்டியில் காய்ச்சிய பியர்

தொண்ணூறுகளில், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு அறை வாடகைக்குத் தந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நீர் கந்தசட்டி விரதம் பிடிக்கிறனீரோ?"

இல்லை என்றேன். அவர் நெற்றி நிறையத் திருநீறு. கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். மலர்ந்த முகத்தோடு அறைக் கதவின் திறப்பை என் கையில் தந்தார்.

கராஜில், பழைய வாஷிங் மெஷினின் டைமரையும் ஒரு பம்பையும் பூட்டி, தானாகவே பியர் காய்ச்சும் மெஷின் ஒன்று செய்து வைத்திருந்தார். அது கொதித்து, ஆறி, பீப்பாவுக்குள் ஓடும்வரை, மகளின் அரங்கேற்றத்தைப் பார்க்கும் தகப்பனைப்போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

கந்தசட்டி முதல் நாளும் மெஷின் ஓடியது. அவர் கோயிலுக்குப் போய்வந்த வேட்டியோடு நின்றார்.

"அண்ணை, விரதத்திலை பியரோ?" என்றேன்.

"நான் தொடேல்லையே. மெஷின்தானே காய்ச்சுது. விரதம் முடிய, குடிக்கப் பதமா இருக்கும்."

மெஷின் மணியடித்து நின்றது. இனி ஈஸ்ட் போட வேண்டும். அதற்கு மட்டும் அவர் எதையும் பூட்டியிருக்கவில்லை. கட்டிய கைகளை அவிழ்க்காமல், ஈஸ்ட் பைக்கற்றைத் தாடையால் காட்டினார்.

"தம்பி, நீர் விரதமில்லைத்தானே?"

அந்த மெஷினில், மாதாமாதம் வாடகையும் கட்டி வேலைசெய்த ஒரே பாகம் நான்தான்.